முறைப்பாட்டுப் புத்தகம் யாருடைய மொழியில்?

மலைநாட்டுத் தோட்டங்களிலே குற்றம் பெருகுகிறதா, குறைகிறதா? இக்கேள்விக்கு விடை கூறுவோர் பொலிஸ் திணைக்களத்தின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகின்றனர். கசிப்பு வழக்கு இத்தனை, களவு வழக்கு இத்தனை, அடிதடி வழக்கு இத்தனை என்று எண்ணிக் காட்டுகின்றனர். அந்தக் கணக்கு எங்கிருந்து பிறக்கிறது? பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுப் புத்தகத்திலிருந்து பிறக்கிறது. அதில் எழுதப்பட்டது குற்றமாகிறது. எழுதப்படாதது நடக்காததாகவே போய்விடுகிறது. ஆகவே, கணக்கைப் பார்க்குமுன் அப்புத்தகத்தை எழுதும் கை யாருடையது, மொழி எது என்று பார்ப்பதே அறிவுடைமையாகும்.

நுவரெலியா மாவட்டத்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர் என்று 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு கூறுகிறது. அவர்தம் மொழியில் முறைப்பாடு எழுதவல்ல உத்தியோகத்தரோ தோட்டப்புறத்துப் பொலிஸ் நிலையங்களிற் போதிய அளவில் இல்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அரைநாட் பெயரை இழந்து, மலையிறங்கி வரும் ஒரு பெண் தன் துயரைத் தமிழிற் சொல்கிறாள். அது சிங்களத்தில் எழுதப்படுகிறது. எழுதியது இன்னதென்று அறியாமலே கையொப்பமிடுகிறாள். நாளை நீதிமன்றத்தில் அவளுடைய வாக்குமூலம் என்று வாசிக்கப்படுவது அவள் சொன்னதா, எழுதியவர் விளங்கிக்கொண்டதா?

சட்டம் இதற்கு வழி சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகக் கொடுக்கப்படும் தகவல், கொடுக்கப்பட்ட மொழியிலேயே எழுதப்பட்டு, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும் என்கிறது. ஆயின், அவ்வாறு எழுத முடியாதவிடத்து வேறு வழிகளைக் கையாளலாம் என்று அதே பிரிவு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. வாயிலுக்குப் பூட்டுப் போட்டவர்கள் சாளரத்தைத் திறந்துவைத்தார்கள். தோட்டப்புறத்திலே அந்தச் சாளரமே இராசபாட்டையாகிவிட்டது! தமிழ் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டதன் பயன், பொலிஸ் நிலையத்துப் பெயர்ப்பலகையோடு நின்றுவிடலாமா?

இந்நோயின் வேர் ஆழமானது. 1865ஆம் ஆண்டில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் இந்நாட்டிற் பிறந்தன. 11ஆம் இலக்கச் சட்டம் சேவை ஒப்பந்தத்தைப் பற்றியது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அது வழிசெய்தது. 16ஆம் இலக்கச் சட்டம் பொலிஸ் படையைப் பற்றியது. ஒன்று தொழிலாளியைக் குற்றவாளியாக்கிற்று. மற்றது அவனைப் பிடிக்க ஆள் கொடுத்தது. தொழிலாளியைச் சிறையிலிடும் விதிகள் 1920களின் தொடக்கத்தில் ஒழிந்தன. பொலிஸ் சட்டமோ திருத்தங்களோடு இன்றும் உயிர்வாழ்கிறது. சட்டம் திருந்தினாலும் பழக்கம் திருந்தவில்லை.

வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். 1937இல் பிரேஸ்கேடில் என்னும் இளைஞர், தோட்டத்துரைத் தொழில் பயில அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், நாவலப்பிட்டிக் கூட்டத்திலே தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அவரை நாடுகடத்தக் கட்டளை பிறந்தது. பொலிஸார் கைது செய்தனர். உயர் நீதிமன்றம் தலையிட்டு விடுவித்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த வேளை, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். அத்தோட்டத்து வழக்குகளை ஒத்திவைக்குமாறு உள்நாட்டு மந்திரி டீ. பி. ஜயதிலக்க விடுத்த பணிப்பைப் பொலிஸ் மாஅதிபர் பாங்ஸ் ஏற்கவில்லை. தேசாதிபதி பொலிஸ் மாஅதிபரின் பக்கம் சாய்ந்தார். மந்திரிகள் பதவி துறந்தனர். பின்னர் மந்திரிகள் பதவிக்கு மீண்டனர், கோவிந்தன் மீளவில்லை.

வெள்ளைத்துரை போனபின் நிலைமை மாறிற்றா? 1977 மே 11ஆம் திகதி, தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிலே பொலிஸார் காவல் நிற்க, அவர்கள் கண்முன்பே 27 தமிழ் இளைஞர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு முடியுமுன் ஐவரும் மேன்முறையீட்டில் விடுதலையாயினர். வேலியே பயிரை மேயும்போது பார்த்து நிற்பது ஒரு கொடுமை. பிறர் மேயும்போது வேலி விலகி நிற்பது மற்றொரு கொடுமை. மலைநாடு இரண்டையும் கண்டிருக்கிறது.

இவை பழங்கதை என்பீராயின், அண்மைக் கதையையும் கேளுங்கள். 2021 பெப்ரவரியில், மஸ்கெலியா ஓல்டன் தோட்டத்தில் துரையைத் தாக்கினர் என்ற முறைப்பாட்டின்பேரில் 20க்கு மேற்பட்ட தொழிலாளர் கைதாயினர். 38 பேர் வேலை இழந்தனர். தாக்கினரா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும். நாம் சுட்டுவது பொலிஸாரின் வேகத்தை. அதே ஆண்டு ஜூலையில், டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, 16 வயதினள், கொழும்பில் வீட்டுவேலை செய்த இடத்திலிருந்து தீக்காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு இறந்தாள். நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தபின், புதைத்த உடலைத் தோண்டியெடுத்து இரண்டாவது பரிசோதனை நடத்தவேண்டியதாயிற்று. 2023 மே மாதத்தில், பதுளையிலிருந்து கொழும்புக்கு வேலைக்குச் சென்ற ஒரு தாய், நகைக் களவு பற்றிய முறைப்பாட்டின்பேரில் வெலிக்கடைப் பொலிஸாரால் விசாரிக்கப்பட்டார். உயிரோடு வீடு திரும்பவில்லை. பணம் படைத்தவரின் முறைப்பாடு குதிரையேறி ஓடுகிறது. கூலிக்காரரின் முறைப்பாட்டுக்கு ஊர்வலம் வேண்டியிருக்கிறது!

“தமிழ் உத்தியோகத்தரைச் சேர்க்க நாங்கள் ஆயத்தம், விண்ணப்பிக்க ஆளில்லையே” என்பார்கள் அதிகாரிகள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. அந்த நிலையை முற்றாகத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல். பிரஜையல்லாதவனை எந்த அரசாங்க உத்தியோகம் ஏற்றது? அரைநூற்றாண்டுக் காலம் வாயிலை அடைத்துவிட்டு, திறந்த மறுநாளே கூட்டம் வரவில்லையே என்று வியப்பது என்ன நியாயம்? பாடசாலையைச் சீராக்குங்கள், தோட்டப்புறத்து இளைஞரையும் யுவதியரையும் தேடிச் சென்று சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு பேசுங்கள்.

அரசை மட்டும் சாடிவிட்டு நம்மவரை விட்டுவிடுதல் நேர்மையாகாது. தோட்டத்திலே ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால், “பொலிஸுக்குப் போனால் மானம் போகும், உள்ளேயே பேசி முடிப்போம்” என்று தடுக்கும் தலைவர்கள் இல்லையா? யாருடைய மானம் காக்கப்படுகிறது? தீங்கு செய்தவனுடைய மானமே! கசிப்பு எந்த லயத்தில் விற்கிறது என்பதைப் பாலகனும் அறிவான். தொழிற்சங்கத் தலைவர் மட்டும் அறியாதவர் போலிருக்கிறார். அமைச்சுப் பதவிகளை ஏற்ற தலைவர்கள், அந்தப் பதவிக்காலத்திலே பொலிஸ் நிலையங்களுக்குத் தமிழ் எழுத்தரைக் கேட்டுப் பெற்றிருந்தால் இன்று இக்கட்டுரைக்கு வேலையில்லை.

நாம் கேட்பவை நான்கு. தோட்டப்புறத்துப் பொலிஸ் நிலையம் ஒவ்வொன்றிலும், இரவிலும் பகலிலும், தமிழில் எழுதவல்ல ஓர் உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும். பெண்களின் முறைப்பாட்டைத் தமிழறிந்த பெண் உத்தியோகத்தரே எழுதவேண்டும். 109ஆம் பிரிவின் விலக்கு, தமிழ் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளிற் செல்லாதென விதித்தல் வேண்டும். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, குடிமக்களுக்குப் பதிலிறுக்கும் புதிய பொலிஸ் சட்டம் இயற்றப்படவேண்டும்.

அரசு இவற்றைச் செய்யும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. வழக்கறிஞர் பெருமக்களே! வாரத்தில் ஒரு மாலையை ஹற்றனிலோ நோர்வூட்டிலோ இம்மக்களுக்கு ஒதுக்குங்கள். ஆசிரியப் பெருமக்களே! பொலிஸ் நிலையம் செல்லும் பெற்றோருடன் துணை சென்று, எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். கந்தப்பளையிலும் இராகலையிலும் மரக்கறி பயிரிடும் உழவர்காள்! உங்கள் நீரிறைக்கும் இயந்திரம் களவுபோனால் நீங்கள் ஏறப்போவதும் அதே படியைத்தான். விளங்காத தாளிற் கையொப்பமிட மறுங்கள். “என் மொழியில் எழுதுங்கள்” என்று அமைதியாக, ஆனால் விடாது கேளுங்கள். ஒருவர் கேட்டால் அதிகாரி சினப்பார். ஒவ்வொருவரும் கேட்டால் எழுத்தரைத் தேடுவார்.