தங்கும் வீடே முதல் பள்ளிக்கூடம்



திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் கூறுவர். நம் சமையலில் நாள்தோறும் இடம்பெறும் அந்தப் புளியை அரபு மக்கள் 'தம்ர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். ஸ்பெயின் நாட்டார் அச்சொல்லைத் 'தமரிந்தோ' எனத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். சர்க்கரை, எண்ணெய், பருத்தி, தலையணை ஆகியவற்றுக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் பெயர்களும் அரபிலிருந்து சென்றவையே. கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் அம்மண்ணில் கால் பதித்தது முதல் 1492இல் கிரனாடா வீழ்ந்தது வரை அங்கு நிலவிய முஸ்லிம் ஆட்சியின் சுவடு அது.

இன்று அம்மொழி ஸ்பெயினிலும், மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலும் சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்குகிறது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பட்டம் பெற்ற நம் பிள்ளை அதனைப் பயில விரும்பினால் வியப்பதற்கில்லை. ஆனால், "சில மாதங்கள் அங்கேயே தங்கிப் படித்து வருகிறேன்" என்று மகனோ மகளோ கேட்கும்பொழுது, பெற்றோர் உள்ளம் பதைக்கிறது. உணவுக்கு என்ன வழி? தொழுகைக்கு எங்கே இடம்? இவ்வச்சத்தைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை.

அச்சத்தின் காரணமாக நாம் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "நம்மவர் மிகுந்த ஊராகப் பார்த்துத் தங்கு." பார்சிலோனா நகரின் ராவால் பகுதி அத்தகையது. பாகிஸ்தானியர் பெருந்தொகையினராய் வாழும் அங்கு ஹலால் கடைகளும் தொழுமிடங்களும் உண்டு. எனினும், உர்தூ அறிந்த பிள்ளை அங்கே ஸ்பானியம் பேசாமலே நாளைக் கழித்துவிடலாம். அரபு நாடுகளில் இருபதாண்டு உழைத்தும், தமிழர் அறையிலேயே தங்கியதால் கடைத்தெரு அரபுக்கு மேல் கல்லாது திரும்பியோரை நாம் அறிவோமல்லவா? மேலும், பார்சிலோனாவில் கட்டலான் மொழியும் ஆட்சிமொழி. தெருவிலும் அலுவலகத்திலும் இரு மொழிகள் காதில் விழும்போது தொடக்க மாணவர் தடுமாறுவர்.

விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து தடங்கள் பிரிகின்றன. செல்லுமிடம் அறிந்தவரே சரியான வண்டியில் ஏறுவார். அதுபோல, பயில்வோர் தம் தேவையை முதலில் உணர வேண்டும். தெளிவான உச்சரிப்பே நோக்கமாயின், 1218இல் பல்கலைக்கழகம் கண்ட சலமன்கா நகரம் பெயர் பெற்றது. ஆனால், ஜும்ஆவுக்கு இடம் எங்கே என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். கொலம்பியாவின் போகோட்டா நகரப் பேச்சும் தெளிவானதே. பயணத் தொலைவும் செலவுமே மிகுதி.

மொழியையும் மார்க்கத்தையும் ஒருசேர எண்ணுவோருக்குக் கிரனாடா தக்க ஊர். அங்குள்ள பல்கலைக்கழகம் வெளிநாட்டாருக்கு ஸ்பானியம் கற்பிக்கிறது. அல்ஹம்ரா மாளிகைக்கு எதிர்க்குன்றில், இஸ்லாத்தைத் தழுவிய ஸ்பானியர்களின் பெருமுயற்சியால் எழுந்த பள்ளிவாசல் 2003இல் திறக்கப்பட்டது. அங்கே தோளோடு தோள் சேர்ந்து தொழுபவரிடமே மொழியைப் பேசிப் பழகலாம்! ஒரு குறையும் உண்டு: அவ்வட்டாரப் பேச்சில் சொல்லின் இறுதி 'ஸ்' ஒலி பெரும்பாலும் மறைந்துவிடும். முதல் வாரங்களில் காது திகைக்கும்; பொறுமை வேண்டும்.

ஊரைவிடத் தங்கும் வீடே முக்கியம். ஸ்பானியக் குடும்பத்தோடு தங்கினால் உணவு மேசையே வகுப்பறையாகும். ஆயின் பன்றியிறைச்சியும் மதுவும் விலக்கப்பட்டவை என்பதை முன்பணம் கட்டுமுன் எழுத்தில் தெரிவித்திடுக. ரொட்டி, இனிப்புகளிலும் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. 'செர்தோ' (பன்றி), 'மன்தேக்கா' (கொழுப்பு) ஆகிய சொற்களை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். தாமே சமைக்க விரும்புவோர் மாணவர் பகிர்ந்து வாழும் வீடுகளை நாடலாம். மகளாயின், பெண்கள் மட்டுமே தங்கும் வீடா என்பதை உறுதி செய்தல் வேண்டும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 9.30 மணிக்கு மேலாகும்; இஷாவும் உறக்கமும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

1992இல் ஸ்பெயின் அரசு அந்நாட்டு இஸ்லாமிய ஆணையத்துடன் கண்ட உடன்படிக்கையின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் முஸ்லிம் மாணவர் வெள்ளியன்று பிற்பகல் 1.30 முதல் 4.30 வரை வகுப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். தனியார் மொழிப் பள்ளியாயின், சேருமுன் இதனைக் கேட்டறிவது நன்று.

இறுதியாக ஒன்று. அடிப்படையை இங்கேயே கற்றபின் செல்வதே சிக்கனம். புது தில்லியில் ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் 2009 முதல் இயங்கி வருகிறது. 90 நாட்களுக்கு மேல் தங்க நீண்டகால விசா தேவை என்பதையும் மறவாதீர்.

பெற்றோரே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஏவலுக்கிணங்க ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதரின் மொழியைக் கற்றார்கள். அதனால் அன்னாரின் ஈமான் தளர்ந்ததில்லை. தொழுகையைப் பேணும் பழக்கத்தை விழுப்புரத்து வீட்டிலேயே ஊட்டிவிட்டோமாயின், பிள்ளை தங்கும் ஊரை மொழிக்காகத் தேர்ந்தெடுக்கும் துணிவு நமக்கும் வரும், இன்ஷா அல்லாஹ்.