சாமி பாட்டுக்கு சாக்ஸபோன் எதற்கு?

செங்காங்கில் எங்கள் புளோக்கிலிருந்து எல்ஆர்டியில் இரண்டு நிறுத்தம் தள்ளி, ஒரு வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை பஜனை நடக்கும். சென்ற ஆண்டு ஒரு பையன் சாக்ஸபோனோடு வந்தான். உயர்நிலை மூன்று படிக்கிறான், பள்ளி பேண்ட் குழுவில் வாசிப்பவன். "அங்கிள், நானும் கூட வாசிக்கட்டுமா?" என்று கேட்டான். குழுவை நடத்தும் பெரியவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இது சாமி பாட்டுப்பா. இதுக்கு எதுக்கு அதெல்லாம்? உட்கார்ந்து கை தட்டு, போதும்" என்றார். பிறகு கைப்பேசியிலிருந்து ஸ்பீக்கரில் கரோக்கே டிராக்கைப் போட்டார். ஹார்மோனியம், தபலா, புல்லாங்குழல் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. பையன் அடுத்த மாதம் வரவில்லை. நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அதற்கான பிராயச்சித்தம்தான் இந்தக் கட்டுரை.

அதே வாரம் அதே குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு பார்வர்டு வந்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-ல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' இசைத்தட்டு பற்றியது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்த ஒரு தமிழ்ச் சுவாமியின் பெயரில் ஜாஸ் ஆல்பம்! வரிசையாகக் கும்பிடும் கைகள். பெரியவரும் ஒன்று போட்டிருந்தார்.

தகவல் சரிதான். சச்சிதானந்தர் 1969-ல் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். அவருடைய குரு சிவானந்தர் பத்தமடைக்காரர், துறவியாகும் முன் மலாயாவில் பத்தாண்டு மருத்துவராக இருந்தவர். பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த அம்மா என்ன செய்தார் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆலிஸ் டெட்ராய்ட்டில் கறுப்பினத் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர். 1967-ல் கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்தபோது கையில் நான்கு பிள்ளைகள். தூக்கமும் சாப்பாடும் போய் உருக்குலைந்திருந்த காலத்தில்தான் சச்சிதானந்தரைச் சந்தித்தார். அந்த ஆல்பத்தின் முதல் பாடலில் தம்புரா ரீங்கரிக்கிறது, அடியில் பாஸ் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, மேலே அவருடைய ஹார்ப் அலையலையாக இறங்குகிறது. எந்த ராகத்தையும் அவர் நகலெடுக்கவில்லை.

அதைவிடத் துணிச்சலானது பின்னால் வந்தது. எழுபதுகளின் இறுதியில் பெரிய கம்பெனிகளுக்கு இசைத்தட்டு செய்வதையே நிறுத்திவிட்டு, கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்தார். ஞாயிறுதோறும் பஜனை. 1982-ல் 'துரியா சிங்ஸ்' என்ற கேசட், ஆசிரமத்தாருக்காகச் செய்தது. பாடல்களில் வரும் பெயர்கள் கிருஷ்ணனும் ராமனும். ஆசிரமத்தார் சேர்ந்து பாடிய பிந்தைய கேசட்டுகளில் குரல்கள் எழும்பும் விதமோ டெட்ராய்ட் தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் சின்தசைசர் விமானம் கிளம்புவதுபோல் மேலே ஏறுகிறது. நம்ம பாட்டு வாத்தியாரிடம் போட்டுக் காட்டினால், "என்னம்மா இது, சுருதியே நிக்கலையே" என்பார். அந்தக் கேசட்டுகளிலிருந்து ஒரு தொகுப்பு 2017-ல் வந்த பிறகுதான் வெளியுலகம் பரவலாகக் கேட்டது.

பக்தி அவரை அடக்கி உட்காரவைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. இன்னொரு ஊரின் சாமியைத் தன் ஊரின் குரலில் கூப்பிடும் தைரியத்தை அது கொடுத்தது. அந்தத் தைரியத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அதே வாரம் ஒரு பையனை "கை தட்டு, போதும்" என்று உட்காரவைத்தால், நாம் கும்பிட்டது ஆல்பத்தின் பெயரை மட்டும்தான்.

"மரபு என்று ஒன்று இருக்கே சார்" என்பார்கள். இருக்கிறது. நாம் சாமி வாத்தியமாக நினைக்கும் ஹார்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. நம் இசையின் நுட்பமான சுரங்களுக்கு அது ஒத்துவராது என்ற வாதத்தின் பேரில் அகில இந்திய வானொலி 1940-ல் அதைத் தடை செய்தது. 1971 வரை தளர்த்தவில்லை. வயலினும் கடல் கடந்து வந்ததுதான். சாக்ஸபோனையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாதஸ்வரக்காரரின் மகனான கத்ரி கோபால்நாத் அதில் வாழ்நாள் முழுக்கக் கர்நாடக இசை வாசித்தார். பழகிப்போனதற்குப் புனிதம் என்று பேர் வைத்துவிட்டு, அதையே மரபு என்கிறோம்.

மேடையில் ஜிப்பா போட்ட ஒருவரையும் கிடார்காரர் ஒருவரையும் உட்காரவைத்து 'ஃபியூஷன்' என்று டிக்கெட் விற்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆலிஸ் செய்தது அதுவல்ல. அவர் வாராவாரம் அதே ஆட்களோடு உட்கார்ந்து வாசித்தார். பையன் ஆலிஸ் ஆகிவிடுவான் என்றும் நான் சொல்லவில்லை. நாலு பஜனை அபசுரமாகப் போகலாம், போகட்டுமே. கரோக்கே டிராக்கில் அபசுரம் வராதுதான்; அதற்குள் வாசிக்க ஆளே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்பீக்கரைப் பேசாமல் பீரோவிலேயே வைத்துவிடும்படி பெரியவரிடம் கேட்கப்போகிறேன். கோபித்துக்கொள்வார். பையனின் அம்மாவுக்கு நேற்றே போன் செய்தேன். "பரீட்சை இருக்குண்ணே. ஆனா கேட்டுப் பாக்குறேன்" என்றார்.