பாசி உறிஞ்சின பாதரசம் எங்க போகும்?

போன வாரம் தோட்டத்துக்கு வந்திருந்த சென்னை நண்பர், தண்ணித் தொட்டியில படர்ந்திருந்த பாசியைப் பார்த்துட்டு, "இது விஷ உலோகத்தையெல்லாம் உறிஞ்சிருமாமே, கொடைக்கானல் பாதரசத்துக்கு இதையே விட்டா என்ன?" என்று கேட்டார். உறிஞ்சும், சரிதான். அப்புறம்?

என் தொட்டிக் கதையையே சொல்றேன். காபிக்குப் போர்டோ கலவை அடிச்ச ட்ரம்மை ஒருதடவை மேட்டுப் பக்கமா கழுவிட்டேன். மயில்துத்தத் தண்ணி தொட்டியில இறங்கி, பாசி வெளுத்துச் செத்துப்போச்சு. ரெண்டே மாசத்துல திரும்பப் பச்சை கட்டிருச்சு. தாக்குப்பிடிச்ச கொஞ்சம்தான் பெருகியிருக்கணும். பாசியோட மேல்சுவர்லயே உலோகம் ஒட்டிக்கும். உள்ள நுழைஞ்சதைப் புரதம் மாதிரியான சின்னத் துணுக்குகளால கட்டி ஒதுக்கி வெச்சுக்கும். குளோரெல்லா மாதிரி சிலது, கரைஞ்ச பாதரசத்தை ஆவியாக்கி வெளியே விட்டுடும். கெட்டிக்காரப் பயலுகதான்.

ஆனா பாதரசம் அழியலையே, இடம்தானே மாறுது? ஆவியானது என்னைக்காவது மழையோட இறங்கும். பாசியில ஒட்டினதைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன், மீனை நாம. சேத்துல இருக்கிற பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமா மாத்திட்டா, ஒவ்வொரு படியிலயும் அளவு ஏறிக்கிட்டே போகும்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை மூடினது 2001 மார்ச்சுல. மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில பாதரசம் ஒட்டின கண்ணாடித் தூள் டன் கணக்குல கிடந்ததுதான் ஊருக்குத் தெரியவெச்சது. 2003ல வெளியான ஒரு ஆய்வுக்காக, ஹைதராபாத்துல இருக்கிற அணுசக்தித் துறை ஆய்வகத்துக்காரங்க இந்த மலையில மரத்துல படர்ற பாசிகளை எடுத்துச் சோதிச்சாங்க, பாதரசம் இருந்துச்சு. அதுல ஒண்ணு நீங்க பிரியாணிக்குப் போடுற கல்பாசியோட சொந்தம், பாசியும் பூஞ்சையும் கூட்டுக்குடித்தனம் நடத்துற வகை. ஆக, பாசி அதை வாங்கி வெச்சிருந்துச்சு, அவ்வளவுதான்.

அதே வருஷம் 289 டன் கழிவு கப்பல்ல அமெரிக்கா போச்சு. 591 தொழிலாளிகளுக்கு உடன்பாடு 2016லதான் வந்துச்சு. மண்ணுக்கு வெச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அது ரொம்ப அதிகம்னு நான் நினைக்கிறேன். ஆலைக்குக் கீழ பாம்பாறு சோலை. அந்தத் தண்ணி கும்பக்கரை வழியா வைகைப் பக்கம் போகுது. வடகவுஞ்சிக்கு வராதுதான், அதுக்காக வாயை மூடிக்க முடியுமா? மண்ணைத் தோண்டி எடுத்துச் சுத்தம் பண்றது செலவுதான். அதைப் பாசி தலையில கட்டாதீங்க.

நான் இப்ப ட்ரம்மை தொட்டிக்குக் கீழ்ப்பக்கம் கழுவுறேன். அதுக்கும் கீழ ஒருத்தர் தோட்டம் இருக்கு. அவர் இன்னும் கேக்கல.