வீட்டுக்குள் எதற்குப் பூட்டு?

வாணியம்பாடியில் தோல் ஜாப் ஒர்க் செய்யும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "சார், கணக்கு மொத்தமும் போச்சு!" நேரில் போய்ப் பார்த்தேன்.

அவருடைய பில் போடும் புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. எனவே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் எக்ஸ்பியை ஓட விட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். இதைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். எந்தப் பார்ட்டிக்கு எத்தனை தோல், எத்தனை சதுர அடி, பாக்கி எவ்வளவு என்று ஆறு வருடக் கணக்கு அதற்குள் இருந்தது. (எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இப்படி ஓட்டுபவர்கள் அதற்கு இன்டர்நெட் இணைப்பைக் கொடுக்காதீர்கள்.)

உள்ளே இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க், வெளியிலிருந்து பார்த்தால் விடிஐ என்று முடியும் ஒரே ஒரு பைல்தான். கேம் போட இடம் போதாமல் மகன் டி டிரைவைத் திறந்திருக்கிறான். 30 ஜிபிக்கு ஏதோ ஒரு பைல். டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, அந்த இடத்தில் கேமையும் ஏற்றிவிட்டான். மீட்கும் மென்பொருள் எதுவும் பலிக்கவில்லை.

பையனைத் திட்டிப் பயனில்லை. வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே யூசர் அக்கவுண்ட், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர்! விண்டோஸை நிறுவும்போது உருவாகும் முதல் அக்கவுண்ட் எக்ஸ்பியில் மட்டுமல்ல, விண்டோஸ் 11லும் அட்மினிஸ்ட்ரேட்டர்தான். 2007ல் வந்த விஸ்டா முதல் "அனுமதிக்கவா?" என்று ஒரு கேள்வி வருகிறது. நாம்தான் படிக்காமலே 'யெஸ்' அழுத்துகிறோமே!

"நம்ம புள்ளைங்கதானே, வீட்டுக்குள்ள எதுக்கு சார் பூட்டு?" என்றார் நண்பர். "உங்க கெமிக்கல் குடோன் சாவி யார்கிட்ட இருக்கு பாய்?" என்று கேட்டேன். மேஸ்திரியிடம் மட்டும்தான் என்றார். மற்ற ஆட்கள் மேல் சந்தேகமா? இல்லை. எந்த டப்பா எதற்கு என்று தெரியாதவர் கை அதில் படக்கூடாது, அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்களில் விஎம்வேர் விசென்டர் மூலம் நூற்றுக்கணக்கான விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கிறார்கள். அங்கே 'ரோல்' என்று உண்டு. ஒருவர் பார்க்க மட்டும் செய்யலாம், இன்னொருவர் ஆன், ஆஃப் செய்யலாம், அழிக்கும் உரிமை வேறொருவருக்கு. இதைக்கூட ஒவ்வொன்றாக க்ளிக் செய்யாமல் பவர்சிஎல்ஐ ஸ்கிரிப்ட் எழுதி ஒரே ஓட்டத்தில் முடிக்கிறார்கள்.

நம் விர்ச்சுவல்பாக்ஸில் அப்படி ரோல் கிடையாது. பூட்டு விண்டோஸிலேயே இருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் கொடுங்கள். நீங்களும் தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டே வைத்துக்கொள்ளுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் தனியாக, பாஸ்வேர்டோடு இருக்கட்டும். விர்ச்சுவல் மெஷின் உங்கள் சொந்த யூசர் போல்டரில் இருந்தால், இன்னொரு ஸ்டாண்டர்ட் யூசரால் அதைத் திறக்கவே முடியாது. இடம் நிறைய இருக்கிறதென்று டி டிரைவில் வைத்தால் கதை வேறு. அங்கே வழக்கமாக எல்லா யூசருக்கும் அழிக்கும் உரிமை உண்டு! நண்பர் மாட்டிக்கொண்டது இதில்தான். அங்கே வைத்தே ஆகவேண்டுமென்றால் போல்டரின் பிராப்பர்டீஸில் செக்யூரிட்டி டேப் போய் மற்றவர்களின் உரிமையை நீக்குங்கள்.

இதற்கும் ஸ்கிரிப்ட் எழுதுவதே நல்லது என்பது என் கட்சி. நோட்பேடில், ஆளுக்கு ஒரு வரியாக 'நெட் யூசர்' கட்டளை. பெயர், ஒரு நட்சத்திரக் குறி, கடைசியில் ஸ்லாஷ் போட்டு 'ஆட்'. நட்சத்திரம் போட்டால் பாஸ்வேர்டை ஓடும்போது கேட்கும், பைலில் எழுதிவைக்க வேண்டாம். பேட் என்று முடியும் பெயரில் சேமித்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் அக்கவுண்ட்கள் தயார், எல்லாம் ஸ்டாண்டர்டாகவே வரும். நான்கு பேருக்கு எதற்கு ஸ்கிரிப்ட் என்கிறீர்களா? கம்ப்யூட்டரை பார்மட் செய்யும் நாளில் தெரியும். யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதற்கு அந்த பைலே பதிவேடு. ஆனால் அதை டி டிரைவில் போட்டுவைக்காதீர்கள். பையன் அதில் ஒரு வரி சேர்த்தால், அடுத்த முறை நீங்களே அவனை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிடுவீர்கள்!

நண்பர் இப்போது பழைய பில் புக்குகளை அடுக்கி வைத்துக்கொண்டு, இரவில் ஒவ்வொன்றாக டைப் செய்கிறார். எதிரே உட்கார்ந்து தொகையைப் படித்துச் சொல்வது மகன்தான். இரண்டாவது வருடத்துக்கு வந்திருக்கிறார்கள்.