கைதட்டல் கூலியாகுமா?

நான்கு வயது நிரம்பாத பெண் குழந்தை. தலையிலே மகுடம், நெற்றியிலே நீறு, கையிலே வேல். அழுதால் பிறர் தூக்கி வைத்துத் தேற்ற வேண்டிய பருவம் அது. அக்குழந்தையைத்தான் ஊராரின் அழுகையைத் தீர்க்கும் தெய்வமாக்கித் திரையிலே நிறுத்தினர்!

1967 ஆம் ஆண்டு வெளிவந்தது ஏ.பி.நாகராசனின் 'கந்தன் கருணை'. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் அறிஞர் அண்ணா கோட்டையில் முதலமைச்சராக அமர்ந்தார். ஒரு கையால் உதயசூரியனுக்கு வாக்களித்த தமிழன், மறு கையால் கந்தனுக்குச் சீட்டு வாங்கினான். வாங்கட்டும், அந்த வழக்கை வேறொரு நாள் பேசலாம். நாம் இன்று கேட்பது வேறு. அந்தக் கந்தனுக்குள்ளே இருந்த குழந்தையின் கதை என்ன?

அவர் பெயர் ஸ்ரீதேவி. 1963 ஆகஸ்டு 13 ஆம் நாள், சிவகாசிக்கு அருகே மீனம்பட்டியில் பிறந்தவர். 1969 இல் 'துணைவன்' படத்தில் மீண்டும் முருகன்; அதே ஆண்டு 'நம் நாடு' படத்தில் எம்.ஜி.ஆருடன் சிறுமி. 1971 இல் மலையாளத்துப் 'பூம்பாட்டா'. அதற்குக் கேரள அரசின் குழந்தை நடிகர் விருது. 1975 இல் இந்தியில் 'ஜூலி'. தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று மொழிதோறும் படப்பிடிப்பு. பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்பீரேல், அதுதான் இல்லை! பள்ளி வாழ்வையும் கல்லூரி வாழ்வையும் இழந்ததை அவரே பிற்காலத்துப் பேட்டியிலே சொன்னார். குழந்தை நடிகையாயிருந்து இடைவெளியே இல்லாமல் கதாநாயகியானதையும் சொன்னார்.

இடைவெளி இல்லை என்றாரே, அது எத்தகைய உண்மை என்பதைப் பாருங்கள். 1976 அக்டோபரில் 'மூன்று முடிச்சு' வந்தது. இயக்கியவர் கே.பாலசந்தர், உடன் நடித்தவர்கள் கமல்ஹாசனும் ரஜினிகாந்தும். ஸ்ரீதேவிக்கு வயது 13. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் போட வேண்டிய சிறுமி, திரையிலே வளர்ந்த மகனையுடைய முதியவருக்கு மனைவியாகி, அந்த மகனுக்குச் சிற்றன்னையாகிறாள். படம் நல்ல படம், பாராட்டாதார் இல்லை. ஆனால் அன்றைய சட்டப்படி பெண்ணின் மணவயது 15. இரண்டாண்டு கழித்து, 1978 இல் அது 18 ஆயிற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடோ, பெண்ணுக்கு 16 வயதுக்குப் பிறகே மணம் என்று தீர்மானித்தது. ஆக, 13 வயதுப் பெண்ணுக்கு ஊரிலே தாலி கட்டினால் குற்றம். ஒளிவிளக்கின் கீழே கட்டினால் கலை! அவள் வயதைக் கேட்டவர் கொட்டகையில் ஒருவருமில்லை. கேட்கத் தோன்றாதவாறு கைதட்டல் காதை அடைத்துவிட்டது.

"அவர் வென்றாரே, ஐயா! இந்தியத் திரையுலகின் அரசியானாரே! 2013 இல் பத்மஸ்ரீ பெற்றாரே! 2018 இல் அவர் துபாயில் மறைந்தபோது நாடே கலங்கிற்றே! இதில் கேடென்ன கண்டீர்?" என்று கேட்போர் உளர். வென்றார், ஐயமில்லை. அவர் திறமைக்கு நாமும் தலை வணங்குகிறோம். ஆனால் பரிசுச் சீட்டில் ஒருவனுக்குப் பணம் விழுந்ததைக் காட்டி, சீட்டு விற்பனையை அறமென்று வாதாடுவது எந்தத் தருக்கம்? பத்து வயதில் புகழப்பட்டு, பதினைந்தில் குரல் உடைந்ததும் முகம் மாறியதும் கைவிடப்பட்டு, படிப்பும் இன்றித் தொழிலும் இன்றி நின்றோர் பெயரை எந்த ஏடு எழுதி வைத்திருக்கிறது? வென்றவர் படத்தை மாட்டுவதற்குச் சுவர் உண்டு. மற்றவருக்குப் பதிவேடும் கிடையாது.

மீனம்பட்டியை இன்னொரு முறை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் பிறந்த அதே சிவகாசி வட்டாரத்தில், அவர் வயதையொத்த சிறுமிகள் விடியுமுன் எழுப்பப்பட்டுத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். குச்சி அடுக்கினர், பெட்டி ஒட்டினர், கந்தக நெடியைச் சுவாசித்தனர். அவர்களைப் பற்றி ஆராய்ந்தார்கள், கட்டுரை எழுதினார்கள், உலகமெங்கும் பேசினார்கள். 1986 இல் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: கேடு பயக்கும் தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று. நல்ல தீர்ப்பு! ஒரே மண்ணில் பிறந்த இரு சிறுமியர். இருவரும் விடியுமுன் எழுந்தனர். இருவரும் பள்ளிக்குச் செல்லவில்லை. இருவர் கூலியும் பெரியவர் கையிலே விழுந்தது. ஒருத்தியைக் கண்டு நாடு நாணிற்று. மற்றொருத்தியைக் கண்டு மகிழ்ந்தது. கந்தகம் நெஞ்சை அரிக்கும், ஒளிவிளக்கு அரிக்காது என்பீராயின் ஒப்புக்கொள்கிறோம், வேறுபாடு பெரிதுதான். ஆனால் குழந்தையின் நேரத்தை விற்று உண்ணும் உரிமை பெரியவர்க்கு உண்டா என்னும் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே.

இங்கே இடையிட்டு ஒன்று சொல்ல வேண்டும். "கூத்தாடிப் பிழைப்புக்குப் பிள்ளையை விட்டால் இப்படித்தான்" என்று மூக்கைச் சுளிக்கும் சனாதனச் சீமான்களோடு நமக்கு உறவில்லை. நாடகத்தால் வளர்ந்த இயக்கம் நம்முடையது. அண்ணாவின் பேனாவும் கலைஞரின் வசனமும் செய்த வேலையை ஆயிரம் மேடைப் பேச்சு செய்ததில்லை. நடிப்பை நாம் பழிக்கவில்லை. நடிக்கும் சிறுமியையும் பழிக்கவில்லை. பழிப்பது, அவள் உழைப்பை உழைப்பென்று சொல்ல மறுக்கும் பசப்பை.

அந்தப் பசப்பு நம் நாட்டில் பழைமையானது. 1918 இல் சங்கரதாசு சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபையிலே ஆறு வயதுப் பாலகனாகச் சேர்ந்தவர் அவ்வை சண்முகம். தந்தையை இழந்து, வறுமை துரத்த, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அண்ணனோடு சேர்ந்தவர் எம்.ஜி.ஆர். தந்தை பெரியார் 'சிவாஜி' என்று பெயரிட்டழைத்த கணேசனும் சிறு பருவத்திலேயே வீட்டைத் துறந்து கம்பெனியிலே அடைக்கலம் புகுந்தவரே. ஓங்கிய பிரம்பும் ஒட்டிய வயிறுமாக வளர்ந்த கலைஞர் பட்டாளம் அது. அதைக் 'குருகுலம்' என்று புகழ்கிறோம் இன்று! பசி என்னும் ஆசான் ஒருவன் அங்கே இருந்ததைச் சொல்வதில்லை. அந்த ஆசானை எம்.ஜி.ஆர். மறக்கவில்லை. முதலமைச்சரான பின்பு, 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தை விரித்தபோது, தாம் சிறுவயதிலே கண்ட பசியைத்தான் காரணமாகச் சொன்னார். நாடகக் கம்பெனிப் பையன் ஒருவன் நாடாளும் நிலை பெற்றதும் செய்த வேலை, ஏழைப் பிள்ளையின் வயிறு நிரம்பி அவன் பள்ளியிலே உட்கார வழி செய்தது. 'நம் நாடு' படப்பிடிப்பிலே அந்தப் பழைய கம்பெனிப் பையனும் பள்ளி காணாத ஆறு வயதுச் சிறுமியும் ஒரே விளக்கொளியில் நின்றிருக்கின்றனர்.

பசப்பின் இன்னொரு கிளை கோயிலிலே இருந்தது. சிறுமிக்குப் பொட்டுக் கட்டினர். கேட்டால் 'தெய்வத் தொண்டு' என்றனர், 'கலை வளர்ப்பு' என்றனர். டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிருதம் அம்மையாரும் ஓயாது போராடி, 1947 இல் சட்டத்தால் அது ஒழிந்தது. அந்தக் கொடுமையும் படப்பிடிப்பும் ஒன்றல்ல. அப்படிச் சொல்வது நடிகையர்க்கு இழிவு செய்வதாகும். ஆனால் தெய்வம், கலை என்னும் அந்த இரண்டு திரைச்சீலைகள் மட்டும் கிழியவில்லை. குழந்தையின் உழைப்பை மறைக்க அவையே இன்றும் தொங்குகின்றன. 'குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே' என்று பழமொழி வேறு! தெய்வத்துக்குப் பசியில்லை, தூக்கமில்லை, கூலியுமில்லை. குழந்தைக்கு மூன்றும் உண்டே!

இன்று வெள்ளித்திரை வீட்டுத்திரை ஆகிவிட்டது. 1975 ஆகஸ்டு 15 இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1993 இல் தனியார் அலைவரிசை வந்தது. 2006 க்குப் பின் அரசே வண்ணப் பெட்டி கொடுத்தது. எங்கள் எறையூரில், கரும்பு வெட்டிவிட்டு வந்து திண்ணையில் சாயும் கூலித் தோழன் வீட்டிலும் பெட்டி பேசுகிறது. திரைப்படமாவது சில திங்களில் முடியும். தொடருக்கு முடிவேது? நாள்தோறும் ஒளிபரப்பு, ஆகவே ஓய்வின்றிப் படப்பிடிப்பு. குட்டிக் கண்ணன், குட்டி முருகன், குடும்பத் தகராற்றிலே கண்ணீர் வடிக்கும் குட்டி மகள்! பாட்டுப் போட்டி, ஆட்டப் போட்டி என்றால் தோற்ற பிள்ளையின் அழுகையையும் அண்மைக் காட்சியாக எடுத்து, இசை கூட்டி விற்கிறார்கள். திரைப்படத்துக் கண்ணீர் நடிப்பு, இது நிசம். நிசத்துக்கு விலை அதிகம் போலும்!

அமெரிக்காவிலே ஜெனட் மெக்கர்டி என்றொரு பெண். 2007 முதல் 2012 வரை 'ஐகார்லி' என்னும் தொலைக்காட்சித் தொடரில் நடித்துச் சிறுவர் உலகமே அறிந்த முகமானவர். பிறகு நடிப்பையே விட்டொழித்தார். 2022 இல் தன் வரலாற்றை எழுதினார். தாய் இறந்ததில் மகிழ்ச்சி என்பது அந்நூலின் தலைப்பு. தாயைத் தெய்வமென்று மேடைதோறும் முழங்கும் நம்மவர் காதைப் பொத்திக் கொள்வர். பொத்த வேண்டா, கேளுங்கள். நடிகையாக வேண்டுமென்பது தாயின் ஆசை, தன் ஆசையன்று என்கிறார். வளர்ந்துவிட்டால் குழந்தை வேடம் கிட்டாதே என்று, 11 வயதிலேயே உணவைக் குறைத்து உடலை வளரவொட்டாமல் வைக்கத் தாயே கற்றுக்கொடுத்தார் என்கிறார். குடும்பத்தின் வாடகையும் கடனும் சிறுமியின் தோளிலே! அங்கே தெய்வமும் இல்லை, பழமொழியும் இல்லை. பணம் ஒன்றே அந்த வேலையைச் செய்தது.

அந்நாட்டார் இந்நோயை நெடுநாள் முன்பே கண்டனர். சார்லி சாப்ளினோடு 1921 இல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் இலட்சக்கணக்கான டாலர் ஈட்டினான். வளர்ந்து கணக்குக் கேட்டபோது, தாயும் மாற்றாந்தந்தையும் கைவிரித்தனர், 1938 இல் நீதிமன்றம் ஏறினான், மிஞ்சியது அற்பம். அதன் பயனாக 1939 இல் கலிபோர்னியாவிலே சட்டம் பிறந்தது. இன்று குழந்தை நடிகர் வருவாயில் 15 விழுக்காடு அக்குழந்தைக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பது அங்கே விதி.

நம் நாட்டிலோ? 2016 இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினர். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றது சட்டம். பலே என்று கைதட்டுமுன் அடுத்த வரியைப் படியுங்கள்: குடும்பத் தொழிலுக்கு விலக்கு, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் ஆகியவற்றில் கலைஞராக நடிக்கும் குழந்தைக்கு விலக்கு. சர்க்கசுக்கு மட்டும் விலக்கில்லை! கம்பியில் நடக்கும் குழந்தை தொழிலாளி. கண்ணீர் வடிக்கும் குழந்தை கலைஞர்.

2017 இல் விதிகள் வந்தன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படிப்புத் தடைபடக் கூடாது. குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வருவாயில் 20 விழுக்காடாவது குழந்தை பெயரில் வங்கியிலே வைப்பாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவின் 15 ஐ நம் 20 வென்றுவிட்டது, தாளிலே! மீதி 80 யாருக்கு? உழைத்தவளுக்கு ஐந்தில் ஒன்று, உழைக்காதவர்க்கு ஐந்தில் நான்கு என்று எழுதியதைப் பாதுகாப்பு என்கிறார்கள். இந்தக் கணக்கை ஆண்டான் எழுதினால் சுரண்டல் என்போம். அப்பன் எழுதினால் பாசம் என்போமா? 'குழந்தையின் விருப்பம்' என்கிறதே விதி, ஏழு வயதுக் குழந்தையின் விருப்பத்தை யார் எப்படி அளப்பது? அம்மா முகம் மலர்ந்தால் அதுவே அக்குழந்தைக்கு விருப்பம்.

எறையூரிலே சர்க்கரை ஆலை இருக்கிறது. பத்து வயதுப் பையனைக் கரும்பு இறக்க அங்கே நிறுத்திப் பாருங்கள்! ஆய்வாளர் வருவார், அபராதம் வரும், செய்தித்தாளில் படம் வரும். அதே பையன் சென்னைக்குப் போய்த் தொடரிலே நடித்தால், ஊர் எல்லையில் வரவேற்புப் பதாகை கட்டுவார்கள். வகுப்புப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நாள்தோறும் 'வரவில்லை' என்று குறிக்கும் ஆசிரியர்களாகிய நமக்குத்தான் தெரியும், அந்தப் பதாகையின் மறுபக்கம். 2010 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளியைக் குழந்தையின் உரிமையாக்கிற்று. கேமராவுக்கு முன்னால் அந்த உரிமை உறங்கிவிடுமென்று அச்சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

ஆகவே, பகுத்தறிவு இளைஞர்களே, தொடரைப் பார்க்காதே என்று நாம் சொல்ல வரவில்லை. சொன்னாலும் வீட்டிலே பாட்டியார் கேட்க மாட்டார். நாம் கேட்பது வேறு. குழந்தை நடிகரின் ஊதியத்தில் பாதிக்குக் குறையாமல் அக்குழந்தை பெயரில் சேர வேண்டும். ஆட்சியர் தரும் அனுமதித்தாளின் படி ஒன்று, அக்குழந்தை படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் மேசைக்கு வர வேண்டும். எத்தனை நாள், எத்தனை மணி என்பது பள்ளிக்கும் தெரியட்டும். தோற்ற குழந்தையின் அழுகையை ஒளிபரப்புவது அடியோடு நிற்க வேண்டும். இவற்றைச் சட்டமன்றத்தில் பேச நம் உறுப்பினர்களுக்கு மடல் எழுதுங்கள். வாசகசாலைக் கூட்டத்திலே தீர்மானம் போடுங்கள்.

சட்டம் திருந்தும்வரை இருக்கிற விதியையாவது பிடிப்போம். 'திறமைத் தேர்வு' என்று சொல்லி உங்கள் ஊருக்குக் கேமராவோடு வண்டி வந்தால், வாயிற்படியிலேயே நிறுத்தி, ஆட்சியரின் அனுமதித்தாள் எங்கே என்று பணிவோடு கேளுங்கள். காட்டினால் வழிவிடுங்கள். காட்டாவிட்டால், குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகம் பெரம்பலூரில் இருக்கிறது.