கீதம் ஒலிக்கும்போது தலைகுனிந்தால் அவமதிப்பா? பதக்க வீராங்கனைகளைக் கைதுசெய்த நாளும், ஒரு பழைய தீர்ப்பும்!

2023 மே 28. ஒரே நாளில் டெல்லியிலிருந்து இரண்டு படங்கள் நம் போன்களுக்கு வந்தன. ஒன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் திறப்பு விழா. இன்னொன்று, அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஜந்தர் மந்தர் சாலையில் தேசியக் கொடியோடு தரையில் கிடந்த இரண்டு பெண்கள். வினேஷ் போகத், சங்கீதா போகத். ‘தங்கல்’ படம் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அன்று மாலைக்குள் மூன்றாவதாக ஒரு படமும் வந்தது. போலீஸ் வேனுக்குள் அதே இருவரும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘பார்த்தீங்களா, எல்லாம் நாடகம்’ என்ற வரியோடு அது குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரை சுற்றியது. உண்மையில் அந்த வேனில் யாரும் சிரிக்கவில்லை. முகத்தை மாற்றும் செயலியில் போட்டுத் தயாரித்த படம் அது. அசல் படம் வெளியானது, உண்மை கண்டறியும் தளங்களும் விளக்கின. ஆனால் பொய் போன வேகத்தில் உண்மை போய்ச் சேரவில்லை.

சிரித்தார்களா, அழுதார்களா என்று சண்டை போட்டோமே தவிர, அவர்கள் ஏன் அந்தச் சாலைக்கு வந்தார்கள் என்பதை எத்தனை பேர் பேசினோம்?

தெருவுக்கு வரும் முன்பு நடந்தது

2023 ஜனவரி 18-ம் தேதிதான் மல்யுத்த வீரர்கள் முதன்முதலில் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். வினேஷ், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்‌ஷி மாலிக், டோக்கியோவில் வெண்கலம் வென்ற பஜ்ரங் புனியா ஆகியோர் முன்னால் நின்றார்கள். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவரும் பா.ஜ.க. எம்.பி-யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை முழுமையாக மறுத்தார்.

மேரி கோம் தலைமையில் மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டது. வீரர்களும் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனார்கள். மூன்று மாதங்கள் ஓடின. வழக்குகூடப் பதிவாகவில்லை என்று ஏப்ரல் 23-ம் தேதி மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், ஏப்ரல் 28-ம் தேதி டெல்லி போலீஸ் எஃப்.ஐ.ஆர் போட்டது.

இதற்கு நடுவில், இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி.உஷா ஒரு கருத்து சொன்னார். வீதியில் இறங்கிப் போராடுவது நாட்டின் பெயரைக் கெடுக்கும், முதலில் எங்களிடம் வந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சில நாள்களில் அவரே நேரில் போய் அவர்களைச் சந்தித்தார். ஆனால் ‘நாட்டுக்கு அவமானம்’ என்ற வார்த்தை அதற்குள் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது.

மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலமாகக் கிளம்பினார்கள். போலீஸ் தடுத்தது. தடுப்புகளைத் தாண்டினார்கள் என்று குண்டுக்கட்டாகத் தூக்கி வேனில் ஏற்றியது. ஜந்தர் மந்தரில் அவர்கள் போட்டிருந்த கூடாரங்களும் அன்றே பிரிக்கப்பட்டன. மாலையில் விடுவிக்கப்பட்டாலும், கலவரம் செய்தது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது ஆகிய பிரிவுகளில் அவர்கள் மீதே வழக்கு பதிவானது.

கீதத்தின்போது காட்டினால்?

‘போராடட்டும், ஆனால் நாட்டை இழுக்காமல் போராடட்டும்’ என்று சொல்பவர்கள் உண்டு. நம் வீராங்கனைகள் தேசிய கீதத்தின்போது எதுவும் செய்யவில்லை. கொடியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். அதற்கே இவ்வளவு! கீதம் ஒலிக்கும் நேரத்திலேயே எதிர்ப்பைக் காட்டிய வீரர்களுக்கு உலகத்தில் என்ன நடந்திருக்கிறது?

1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்கர் டாமி ஸ்மித்தும், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும் ஷூ இல்லாமல், கறுப்பு சாக்ஸோடு பதக்க மேடை ஏறினார்கள். கீதம் ஒலித்தபோது தலையைக் குனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். கறுப்பின மக்களின் வறுமைக்கும் உரிமைக்கும் மௌனமாகக் குரல் கொடுத்தார்கள். உடனே ஒலிம்பிக்கிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன், அவர்களுக்கு ஆதரவாகச் சட்டையில் ஒரு பேட்ஜ் மட்டும் குத்தியிருந்தார். அவரும் சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்டார். அவர் இறந்த பிறகு, 2012-ல்தான் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

2016-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து, கீதம் ஒலித்தபோது எழாமல் உட்கார்ந்திருந்தார். முன்னாள் ராணுவ வீரர் ஒருவரோடு பேசிய பிறகு, மரியாதைக் குறைவாகத் தெரியக் கூடாதென்று ஒரு முழங்காலில் மண்டியிட ஆரம்பித்தார். அந்த சீசனுக்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸால் கொல்லப்பட்ட பிறகு, வீரர்கள் சொன்னதைக் கேட்காதது தவறு என்று அந்த லீகின் தலைவரே ஒப்புக்கொண்டார்.

2022 நவம்பர் 21, கத்தார் உலகக்கோப்பை. மாசா அமினியின் மரணத்தால் இரான் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன், இரான் வீரர்கள் தங்கள் கீதத்தைப் பாடாமல் வாய்மூடி நின்றார்கள். நான்கு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் பாடினார்கள். இடையில் என்ன நடந்தது தெரியுமா? அணியில் இடம்பெறாத முன்னாள் தேசிய வீரர் வோரியா கஃபூரி, இரானில் கைதுசெய்யப்பட்டார்.

மேடையில் காட்டினால் ‘இதுவா இடம்?’ என்கிறார்கள். தெருவில் காட்டினால் வேனில் ஏற்றுகிறார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதில் வருகிற கோபம், என்ன கேட்டார்கள் என்பதில் வருவதில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய கீதத்தை மதிக்க வேண்டியது அரசியலமைப்பு சொல்லும் அடிப்படைக் கடமை. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எது குற்றம்? 1971-ம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடும் கூட்டத்துக்குத் தொந்தரவு செய்வதையும் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

பாடாமல் இருந்தால்? 1985-ல் கேரளாவில் மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாக கீதத்தைப் பாடவில்லை. ஆனால் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986-ல் உச்ச நீதிமன்றம், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து மௌனமாக நின்றது அவமரியாதை ஆகாது என்று சொல்லி, அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

2016 நவம்பரில் தியேட்டர்களில் கீதம் கட்டாயம் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது ஞாபகம் இருக்கும். அடுத்த மாதமே சென்னையில் ஒரு தியேட்டரில் எழாதவர்களை ஒரு கும்பல் தாக்கியது. எழாதவர்கள் மீதும் வழக்கு பாய்ந்தது. 2018 ஜனவரியில், ஒலிபரப்புவது கட்டாயமில்லை என்று நீதிமன்றம் உத்தரவை மாற்றிக்கொண்டது. சட்டம் மரியாதையைக் கேட்கிறது. அடுத்தவர் தேசபக்தியை அளந்து பார்க்கும் வேலையை நம்மில் யாருக்கும் அது கொடுக்கவில்லை.

‘அப்போ போலீஸ் சும்மா இருக்கணுமா?’

நியாயமான கேள்வி. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2023 பிப்ரவரி 2-ம் தேதி, ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். பஸ்கள் மீது கல் விழுந்தது. பெங்களூரு பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் நடுரோட்டில் மாட்டிக்கொண்டார்கள். கல் எறிந்தால் போலீஸ் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும்.

ஆனால் கல்லும், கையில் பிடித்த கொடியும் ஒன்றா? ஒரு மாதத்துக்கும் மேலாக அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள் ஊர்வலம் கிளம்பினால், அதற்குக் கலவர வழக்கு போடும் அளவுக்கு என்ன ஆபத்து? போராட்டம் எதுவானாலும், யாருக்கு என்ன கெடுதல் நடந்தது என்று பார்த்துவிட்டு நாம் பேசலாம்.

பாரூர் வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. பாரூர், போச்சம்பள்ளி பக்கமெல்லாம் பெண் பிள்ளைகள் கபடிக்கும் தடகளத்துக்கும் போகிறார்கள். போட்டிக்கு வெளியூர் போய்த் தங்குகிறார்கள். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் புகார் சொல்லியே வேனில் ஏற்றப்பட்டார் என்றால், மாவட்ட அளவில் ஆடும் பிள்ளை வாய் திறக்குமா? ‘எதுக்கு வம்பு, நீ ஆடவே போக வேணாம்’ என்றுதானே வீடு சொல்லும்? இதில் நிஜமான நஷ்டம் அதுதான்.

பிள்ளைகள் தெருவுக்கு வராமலிருக்க, உள்ளேயே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் புகார்களை விசாரிக்க ஒரு உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக, வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சி மையங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும். இந்தக் குழு பல விளையாட்டுக் கூட்டமைப்புகளில் முறையாக இல்லை என்ற செய்தி வந்த பிறகு, 2023 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

எனவே மகளை அகாடமியில் சேர்க்கும்போது ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: புகார்க் குழு இருக்கிறதா? அதில் யார் யார்? வெளியூர்ப் போட்டிக்குக் கூடவே பெண் பொறுப்பாளர் வருகிறாரா? அவசரத்துக்குக் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்களைப் பிள்ளையின் போனில் நீங்களே சேமித்துக் கொடுங்கள்.

டெல்லி வழக்கில், ஒரு சிறுமி தொடர்பான புகாரை முடித்துவைக்கும் போலீஸ் அறிக்கையை 2025 மே மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மற்ற வீராங்கனைகளின் புகாரில் 2024 மே மாதம் குற்றச்சாட்டுகள் பதிவாகின. உண்மை என்ன என்று நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் சாக்‌ஷி மாலிக் அதற்குள் ஷூவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, 2023 டிசம்பரில் மல்யுத்தத்தை விட்டே போய்விட்டார்.

ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூட மைதானத்தில் கீதம் முடிந்ததும், கூடவே நிற்கும் உங்கள் பிள்ளையிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: ‘உனக்கு எதுவும் தப்பா நடந்தா சொல்லு. ஊர் என்ன பேசும்னு யோசிக்காதே. நாங்க முதல்ல நீ சொல்றதைக் கேப்போம்.’