கடைசி பெஞ்ச்: மூடியைத் திறக்காமலே மெனு சொல்லலாம்!

சின்னதா ஒரு டெஸ்ட், மக்களே. ஜூலை மாசம். இலத்தூர்ப் பக்கம் சாரல் மூஞ்சியில அடிக்குது. ஐந்தருவியில ஆசை தீரக் குளிச்சாச்சு. பசி வயித்தைக் கிள்ளுது. ரிசார்ட் பஃபே வரிசையில கையில தட்டோட நிக்கிறீங்க. எதிரே பளபளன்னு மூடி போட்ட பாத்திரங்கள். திறக்காமலே உள்ளே என்ன இருக்குன்னு சொல்லணும். ரெடியா?

முதல்ல ஸ்வீட் கார்ன் சூப். அடுத்து கோபி மஞ்சூரியன். வெஜ் ஃப்ரைட் ரைஸ். பன்னீர் பட்டர் மசாலா. மழைக்கு நமத்துப் போன அப்பளம். கடைசி டேபிள்ல குலாப் ஜாமூன், அதுக்குப் பக்கத்துல வெனிலா ஐஸ்கிரீம்.

பத்துக்குப் பத்து! இதே டெஸ்ட்டைக் கொடைக்கானல்ல எழுதினாலும் பாஸ். காலேஜ் டூர்ல போற எந்தத் தீம் பார்க்கில் எழுதினாலும் டிஸ்டிங்ஷன்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே குளமும் வயலுமாக இருக்கிற ஊர் இலத்தூர். வெளியூர்க்காரர்களுக்கு அங்கே இருக்கும் சனீஸ்வரர் சந்நிதியால் பேர் தெரியும். குற்றாலம் பக்கத்திலேயே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்க்க, மிச்சம் இந்தப் பக்கம் சாரலாக வந்து விழும். அதுதான் சீசன். அந்த மூணு மாசத்தை நம்பி இந்தச் சுற்றுவட்டாரத்தில் லாட்ஜ், காட்டேஜ், ரிசார்ட் என்று வரிசையாக முளைத்திருக்கிறது. நீச்சல் குளம், செயற்கை அருவி, ரெயின் டான்ஸ் வரைக்கும் வைத்திருக்கும் இடமும் உண்டு. (வெளியே நிஜ மழை பெய்யுது பாஸ், அதுவும் ஃப்ரீயா!)

சரி, சாப்பாடு மட்டும் ஏன் எல்லா இடத்திலும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு? கிச்சன் பக்கம் எட்டிப் பார்த்தால் பாதிப் பதில் கிடைக்கும். பெரிய ஹோட்டல் சமையலறைகளில் கிரேவியை மொத்தமாகச் செய்து வைத்துவிடுவார்கள். வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்தது ஒன்று. முந்திரி அரைத்த வெள்ளைக் கிரேவி ஒன்று. தக்காளியோடு வெண்ணெயும் க்ரீமும் சேர்ந்த மக்கனி ஒன்று. பன்னீரைப் போட்டால் ஒரு பேர், காளானைப் போட்டால் ஒரு பேர், பட்டாணியைப் போட்டால் இன்னொரு பேர். மெனு கார்டில் இருபது அயிட்டம். அடுப்படியில் தாய் மூணுதான்.

இதற்கு அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை, ரூம் கேன்சல். வெயில் அடித்துத் தண்ணி நூலாக இறங்கினாலும் கேன்சல். சனி, ஞாயிறு ஜேஜே என்று இருக்கும். செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டணும். எத்தனை பேர் வருவார்கள் என்றே தெரியாத இடத்தில், ஃப்ரீஸரில் கிடந்தாலும் கெடாத பட்டாணியும் பன்னீரும் பாசுமதியும்தான் கைகொடுக்கும். வடக்கே இருந்து வருபவரும் வாய் திறக்காமல் சாப்பிடணும், மலையாளியும் சாப்பிடணும், காரம் ஆகாத குழந்தையும் சாப்பிடணும். யாருக்கும் பிடிக்காமல் போகக் கூடாது என்று சமைத்தால், யாருக்கும் பிடித்தமாகவும் இருக்காது.

ருசிக்கு இது காரணம். விலைக்கு வேறே காரணம். அதைத் தெரிந்துகொள்ள கிச்சனை விட்டு கேட்டுக்கு வரணும்.

தீம் பார்க் பிசினஸில் இந்தக் கேட் ரொம்ப முக்கியம். நம் நாட்டுத் தீம் பார்க் பெரும்பாலானவற்றில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது. வாசலிலேயே பையைத் திறந்து பார்த்து, அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தை வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே போனதும் அடுத்த கடை என்று ஒன்று இல்லை. இருக்கிற நாலு கவுண்ட்டரும் ஒரே முதலாளியுடையது. எதிர்க்கடை இல்லாத ஊரில் வடை என்ன விலைக்கும் விற்கும்.

இத்தனைக்கும் இந்தத் தொழிலுக்கே தாத்தா, 1955-ல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்ட். அங்கே விலை ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஆனால் மது, கண்ணாடி பாட்டில் மாதிரி சிலதைத் தவிர்த்து, சொந்தச் சாப்பாட்டையும் தண்ணீரையும் உள்ளே கொண்டு போகலாம். தயிர்சாதத்தோடு போய் மிக்கி மவுஸுக்கு டாட்டா காட்டிவிட்டு வரலாம். இன்னொரு குட்டித் தகவல்: நீங்க சினிமா இடைவேளையில் கொறிக்கிற டோரிட்டோஸ் பிறந்ததே டிஸ்னிலேண்டுக்குள்ளே இருந்த ஒரு மெக்ஸிகன் உணவகத்தில்தான். மிஞ்சிப்போன சோள ரொட்டியைத் துண்டு போட்டுப் பொரித்து மசாலா தூவியிருக்கிறார்கள். 1966-ல் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்துவிட்டது. மிச்ச மீதியிலும் புதுசாக ஒண்ணு பண்ணத் தோன்றியிருக்கு பாருங்க. நம்ம பஃபேயில் நேற்றைய இட்லி இன்றைக்கு இட்லி மஞ்சூரியன் ஆகிறதோடு கற்பனை முடிந்துவிடுகிறது.

விலை, ருசி எல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. ஒரு சீசனில் நாங்க பன்னிரண்டு பேர் போனோம். ரிசார்ட் பேர் வேண்டாம். அருவி, கடைத்தெரு எல்லாம் சுற்றிவிட்டு ரூமுக்கு வந்தப்போ ராத்திரி எட்டரை. டின்னர் பஃபே ஆளுக்கு 550 ரூபாய், வரி தனி. மெயின் ரோட்டுக்கு நடந்து போகணும்னா நல்ல தூரம், மழை வேற, ஆட்டோ கிடையாது. வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவரக் கூடாதுன்னு ரிசப்ஷன்லயே போர்டு. புக்கிங் பண்ணும்போது பார்த்த விளம்பரத்துல நீச்சல் குளம் அரைப்பக்கம், சாப்பாடு தனிங்கிறது பொடி எழுத்து.

எல்லாரும் கிளம்பினோம். ஒருத்தன் மட்டும் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, "எல, எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு. நீங்க போய் சாப்ட்டு வாங்க" என்றான்.

சாயங்காலம் ஐந்தருவி பஸ் ஸ்டாப்புல எங்க எல்லாரையும் முந்தி நாலு பஜ்ஜி தின்னவன் அவன். வேன் வாடகைக்கும் ரூம் வாடகைக்கும் மாசக்கணக்குல சேர்த்து வெச்சுக் கொடுத்தவன். இந்த 550 அவன் கணக்குல இல்லை. கீழே போன ரெண்டு பேர் ரெண்டு சப்பாத்தியை டிஷ்யூ பேப்பர்ல சுருட்டினாங்க. பஃபேயில பார்சல் கிடையாதுன்னு தடுத்துட்டாங்க. "காசு கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி, ஒரு ஆளுக்கு முழு சார்ஜ்" என்று மரியாதையாத்தான் சொன்னாங்க. "நாங்க போட்டுக்கறோம், வாடா"ன்னு திரும்ப வந்து கூப்பிட்டா, "அதான் வயிறு சரியில்லன்னு சொல்றேன்லா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். பையில இருந்த பிஸ்கட் பாக்கெட் காலையில காலியா கிடந்தது. யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

உங்க செட்டுலயும் இப்படி வயிறு சரியில்லாத ஒருத்தனோ ஒருத்தியோ கண்டிப்பா இருப்பாங்க. பார்த்துக்கோங்க.

மறுநாள் மத்தியானம் வேனை நேரா பிரானூர் பார்டருக்கு விட்டோம். வயிறு சரியில்லாதவன் அங்கே எத்தனை பரோட்டா உள்ளே தள்ளினான் என்பதை அவன் வருங்கால மாமனார் வீட்டு நலன் கருதி இங்கே எழுதவில்லை.

பார்டர் என்ற பேருக்கு ஒரு கதை இருக்கு. இப்போ கேரளா தொடங்குவது புளியரை தாண்டி மலைக்கு மேலே. அப்புறம் செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஏது எல்லை? 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பிரானூர்தான் எல்லை. மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வந்துவிட்டது. கோடு மலை ஏறிப் போய்விட்டது, பேர் மட்டும் பரோட்டாக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது, பார்டர் இன்னும் பார்டர்தான். ரஹ்மத் கடை தொடங்கி, பார்டர் என்று போர்டு மாட்டிய கடை இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க இருக்கு.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பார்டரிலும் மெனு மாறுவதே இல்லையே! வாழை இலை, பரோட்டா, சால்னா, நாட்டுக்கோழி, காடை, மிளகுக் காரம். அப்பா காலேஜ் படிக்கும்போதும் இதேதான் என்பார். திருநெல்வேலி இருட்டுக் கடையில் அல்வா ஒண்ணுதான். "சே, இன்னைக்கும் அல்வாவா" என்று யாராவது சலித்துக்கொண்டது உண்டா? அப்போ ஒரே சாப்பாடு என்பது குத்தம் இல்லை போல.

பார்டரில் கல் சரியாகச் சூடாகலை, சால்னா தண்ணியா இருக்கு என்றால் நாம எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடலாம். நாலு அடி நடந்தால் போதும். அது கடைக்காரருக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் பரோட்டா அவ்வளவு மெத்துன்னு வருது. ரிசார்ட் பஃபேக்காரருக்கு அந்தப் பயம் கிடையாது. மழையில், இருட்டில், கேட்டைத் தாண்டி நாம எங்கேயும் போக மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். 550 ரூபாயில் பெரும்பங்கு அந்தத் தெரிதலுக்குத்தான்.

(வெளிக்கடை எல்லாம் தர்மச் சத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். சீசனில் அருவிக்கரையில் விலை போர்டு இல்லாத கடையும் இருக்கும். "அண்ணே, பிளேட் எவ்வளவு?" என்று உட்காரும் முன்னே கேட்டுவிடுங்க. கோழிக்கு முக்கியமா!)

சட்டம் என்ன சொல்லுது? நம்ம பக்கம் கொஞ்சம், அவங்க பக்கம் கொஞ்சம். ஹோட்டலில் தண்ணி பாட்டிலை எம்.ஆர்.பி.க்கு மேலே விற்கலாம், அது வெறும் பாட்டில் விற்பனை இல்லை, சேவையும் சேர்ந்தது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. 2023 ஜனவரியில் தியேட்டர் வழக்கு ஒன்றில், வெளிச் சாப்பாட்டைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுத்தாகணும் என்றது. அது தியேட்டருக்கான தீர்ப்பு. ஆனாலும் எங்கே போனாலும் "சாதாத் தண்ணி கொடுங்கண்ணே" என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.

பில்லில் கண் வைக்க வேண்டிய இடம் சர்வீஸ் சார்ஜ். சாதாரண உணவகத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 550 ரூபாய்க்கு 27 ரூபாய் 50 காசு. அதற்கு மேலே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகவே ஏறியிருந்தால் அது வரி இல்லை, அரசாங்கத்துக்கும் போகாது. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. எடுக்கச் சொல்லுங்க. எடுக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்க செட்டில் இப்போ ஒரு வழக்கம் வந்திருக்கு. டூர் பிளான் போடும்போதே கேஷியர் ரிசார்ட்டுக்கு போன் பண்ணி மூணு கேள்வி கேட்பான்: சாப்பாடு சேர்த்தா, தனியா? தனின்னா ஒரு ஆளுக்கு வரியோடு எவ்வளவு? வெளியே வாங்கிட்டு வந்து ரூம்ல சாப்பிடலாமா? மூணாவது கேள்விக்கு முடியாதுன்னு வந்தா, ரோட்டோர லாட்ஜ் பார்ப்போம். நீச்சல் குளம் இருக்காது. பரவாயில்லை, குளிக்க ஐந்தருவி இருக்கு. அப்புறம் மொத்தச் செலவையும் ஒரே தொகையா சொல்லி முன்னாடியே வசூல். வர முடியாதவன் கேஷியர் காதில் மட்டும் சொன்னால் போதும்.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. குற்றால மலையில் விளைகிற மங்குஸ்தானும் ரம்புட்டானும் சீசனில் அருவிப் பக்கம் கடை கடையாகக் குவிந்து கிடக்கும். ஐந்தருவிக்கு மேலே தோட்டக்கலைத் துறைக்குப் பழத்தோட்டமே இருக்கு, பழத்தோட்ட அருவி என்று ஒரு அருவிக்குப் பேரே வந்துடுச்சு. நான் போன எந்த பஃபேயிலும் ஒரு மங்குஸ்தானைப் பார்த்தது இல்லை. டின்னில் அடைத்த அன்னாசித் துண்டு இருந்தது! வாங்கும்போது ஓட்டை லேசாக அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தால் பழசு, வேண்டாம். பழத்தைத் திருப்பினால் அடியில் குட்டிப் பூ மாதிரி ஒரு தடம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. நம்பலைன்னா எண்ணிப் பார்த்துட்டு உடைங்க. சட்டையில மட்டும் பட்டுடாம, அந்தக் கறை போகவே போகாது.